காற்றை அளந்து தரும் கடமை

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலை அதிபர்களுக்கும் காற்றாலை உடைமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆலை அதிபர்களே,

பழனி மலைச்சாரலின் கீழே ஆத்தூர் வட்டத்தில் உள்ள சித்தையன்கோட்டையிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். துணை மின் நிலையங்களில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தென்னையும் நெல்லுமாகக் காலம் கழிக்கும் எனக்கு, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனம் அளித்துவரும் தங்களுக்குப் புத்தி சொல்லும் நோக்கம் இல்லை. தங்கள் உடைமையாகிய காற்றாலைகள் இன்றைய மின்தொகுப்பில் எவ்வித ஸ்தானம் வகிக்கின்றன, இனி எவ்வித ஸ்தானம் வகிக்க வேண்டும் என்பதை, அந்தத் தொகுப்பின் பக்கத்திலேயே நின்று பார்த்தவன் என்ற உரிமையில் தங்கள் முன் விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

தங்கள் ஆலைகள் இருப்பது வேடசந்தூர்ச் சாலையிலும் திண்டுக்கல்லைச் சுற்றியும். தங்கள் காத்தாடிகள் சுழல்வதோ ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், முப்பந்தலிலும், கயத்தாற்றிலும், ஆண்டிபட்டியிலும், உடுமலை தாராபுரத்துப் பொட்டல்களிலும். இரண்டையும் இணைப்பவை மின்வாரியத்தின் கம்பியும், மாதந்தோறும் மேஜைக்கு வந்து சேரும் யூனிட் கணக்கும்தான். வைகாசி முதல் புரட்டாசி வரையில் காற்று தரும் யூனிட்டுகளைப் 'பேங்கிங்'கில் சேர்த்துவைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துச் செலவு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு, பஞ்சு விலையும் நூல் விலையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத காலங்களில் அநேக ஆலைகளைக் காப்பாற்றியது என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் அந்த ஏற்பாட்டின் நிழலில் ஒரு மனோபாவமும் வளர்ந்துவிட்டது. ஆடி மாதத்தில் பிறந்த யூனிட், மார்கழி வரையில் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்பது அந்த மனோபாவம். அது எங்கும் இல்லை. மின்சாரம் பிறந்த க்ஷணத்திலேயே செலவாகிவிடுகிறது. தங்கள் கணக்கில் நிற்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய மின்சாரத்தை மார்கழியில் வேறொரு அனல் நிலையமோ நீர்மின் நிலையமோ புதிதாக உற்பத்தி செய்து தங்களுக்குத் தருகிறது. இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், நான் மேலே சொல்லப்போகும் யாவும் எளிதாக விளங்கும்.

தங்களுடைய மனக்குறையை நான் அறிவேன். மேல்காற்று பொழிந்து கொட்டுகிற ஆடி ஆவணியில், யந்திரங்கள் முழு வேகத்தில் ஓட வேண்டிய அந்த நாட்களில்தான், 'பேக்கிங் டவுன்' என்று சொல்லி நிறுத்தச் சொல்கிறார்கள். சென்னையிலுள்ள மாநில மின்பளு அனுப்புகை மையத்திலிருந்து உத்தரவு வந்து, துணை மின் நிலையத்தில் ஃபீடரைத் திறந்துவிடுகிறார்கள், அதாவது மின்பாதையைத் துண்டித்துவிடுகிறார்கள். நிறுத்திய நேரத்துக்கு நஷ்ட ஈடும் இல்லை. காற்றாலை மின்சாரத்தை எப்போதும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்க இப்படிச் செய்வது அநியாயம் என்று தாங்கள் வாதிடுகிறீர்கள். அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் சூரிய மின் நிலையங்களைப் பற்றிய வழக்கில் மத்திய மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, தொகுப்பின் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், மலிவான மின்சாரம் வேறு இடத்தில் கிடைக்கிறது என்பது போன்ற காரணங்களுக்காக உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் ஈடு கொடுக்க வேண்டும் என்று கூறிவிட்டது. ஆகவே அநியாயமாக நிறுத்தப்படும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தாங்கள் வழக்காடுவது முறையே.

மற்றப் பாதிக்குத்தான் இந்த மடல். தொகுப்பின் பாதுகாப்பு என்பது அதிகாரிகள் கண்டுபிடித்த சாக்கு என்று ஆலை அலுவலகங்களில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சாக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் இருக்கலாம். ஆனால் அது சாக்கு மட்டும் அன்று.

பழைய துணை மின் நிலையங்களின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு கருவி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய எஃகு நாக்குகள், முனையில் வெள்ளைச் சாயம் பூசி, வரிசையாக நிற்கும்; ஒவ்வொரு நாக்கும் ஒவ்வோர் அதிர்வுக்கென்று அளவாக வெட்டப்பட்டது. மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை திசை மாறுகிறதோ அந்த எண்ணுக்குரிய நாக்கு மட்டும் விரிந்து துடிக்கும். பக்கத்து நாக்குகள் சற்றே சிலிர்க்கும். மற்றவை அசையாமல் நிற்கும். 50 என்று எழுதிய நாக்கு நடுவில் துடித்துக்கொண்டிருந்தால் தொகுப்பில் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்கின்றன என்று அர்த்தம். துடிப்பு இடப்பக்கம் நகர்ந்து நாற்பத்தொன்பதரை நாக்கும் பிறகு நாற்பத்தொன்பதும் துடிக்கத் தொடங்கினால், எங்கோ பளு மிஞ்சிவிட்டது. இயங்கிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு ஜெனரேட்டரும் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. தென்மாநிலங்களில் 2003-க்கு முன்னால் இந்தத் துடிப்பு நாற்பத்தொன்பதுக்கும் கீழே இறங்கி மணிக்கணக்காக அங்கேயே நின்ற காலம் உண்டு. அந்தக் காலத்தில் தங்கள் ஆலை மோட்டார்கள் வேகம் குறைந்து ஓடியதும், உற்பத்தி குறைந்ததும், மோட்டார்கள் சூடேறியதும் மூத்த மேஸ்திரிகளுக்கு நினைவிருக்கும். அதிர்வெண்ணோடு விலையைப் பிணைத்த புதிய கட்டண முறை 2003-இல் தெற்கே அமலுக்கு வந்த பிறகுதான் ஒழுங்கு பிறந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்தொகுப்பு வடக்கோடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டது. இன்று காஷ்மீரத்து நீர்மின் நிலையமும் முப்பந்தல் காத்தாடியும் ஒரே அதிர்வெண்ணில் கட்டுண்டு இயங்குகின்றன. அந்த அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது இப்போதைய விதி. ஐம்பதில் ஐந்நூறில் ஒரு பங்கு இறங்கினாலே யாராவது ஒருவர் உடனே ஏதாவது செய்தாக வேண்டும்.

அந்த 'யாராவது' யார் என்பதே கேள்வி. குடகனாற்றின் மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் நீருக்காகத் தலைமுறை தலைமுறையாக வாதாடிவரும் பிரதேசம் நம்முடையது. ஆத்தூரில் விட்ட நீர் வேடசந்தூர் வரையில் போய்ச் சேருமா என்பதைத் தாங்களும் நாங்களும் எதிரெதிர்க் கரைகளிலிருந்து பார்த்து வந்திருக்கிறோம். வாய்க்காலில் நீர் பெருகினாலும் குறைந்தாலும் மடையின் பலகையை ஏற்றியும் இறக்கியும் மட்டம் காக்கிற நீர்க்கட்டி ஒருவன் இல்லாவிட்டால், மழை நல்ல மழையாக இருந்தும் கரை உடைந்து பயிர் மூழ்கும். மின்தொகுப்பில் அந்த நீர்க்கட்டியின் வேலையை இதுகாறும் செய்து வந்தவை அனல் நிலையங்களும் அணைக்கட்டு மின் நிலையங்களுமே. அவற்றின் டர்பைனில் பூட்டிய கவர்னர் என்னும் கருவி, அதிர்வெண் இறங்கியதும் நீராவியையோ நீரையோ கூட்டும், ஏறியதும் குறைக்கும். காற்றாலை மட்டும், வந்த காற்றையெல்லாம் அப்படியே வாய்க்காலில் கொட்டிவிட்டு, மட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நின்றது.

1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் யந்திரங்களை நட்டு மின்வாரியம் பரீட்சை பார்த்த நாட்களில் இதனால் எந்தத் தீங்கும் இல்லை. கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அந்த அளவுதான் அன்றைய காற்று மின்சாரம். இன்று தமிழ்நாட்டில் நட்டு நிற்கும் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2022 ஜூலையில் ஒரே நாளில் ஏறக்குறைய 12 கோடி யூனிட் காற்று மின்சாரம் தொகுப்பில் சேர்ந்தது. அந்தக் காற்றோ மனிதன் சொற்படி கேட்பதன்று. அதன் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதனால், விநாடிக்கு 8 மீட்டராக வீசிய காற்று 10 மீட்டராக வலுத்தால் மின்சாரம் ஏறத்தாழ இருமடங்காகிவிடும். அதே கணக்கில் இறங்கவும் செய்யும். மாலையில் சூரிய மின்சாரம் படுத்து, வீடுகளில் விளக்கேற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் காற்றும் கை விரித்தால், மையத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளரின் நிலைமையைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பழைய யந்திரத்தின் சுபாவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் தங்களில் அநேகரிடம் இருப்பது அதுவே. 1990-க்குப் பிறகு, வாங்கிய முதல் ஆண்டிலேயே விலை முழுவதையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமானவரிச் சலுகையின் பயனாக முப்பந்தலில் காடாக முளைத்தவை பெரும்பாலும் 250 கிலோவாட் அளவிலான யந்திரங்கள். அவற்றில் பலவற்றுக்கு இறக்கையைத் திருப்பும் வசதி கிடையாது. காற்று மிஞ்சினால், இறக்கையின் வளைவே காற்றை வழுக்கிவிட்டுச் சக்தியைத் தானாக மட்டுப்படுத்தும். அவ்வளவே அதற்குத் தெரிந்த கட்டுப்பாடு. ஓடு என்றால் ஓடும், நில் என்றால் நிற்கும். பாதியில் ஓடு என்று சொன்னால் அதற்குக் காது இல்லை. ஆகவேதான் மையத்துக்கு ஃபீடரைத் திறப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

உள்ளே இருக்கும் ஜெனரேட்டர், தங்கள் ஆலையில் ஓடும் இண்டக்ஷன் மோட்டாருக்கு உடன்பிறந்தது. தன்னைக் காந்தமாக்கிக்கொள்ளத் தேவையான ரியாக்டிவ் சக்தியைத் தொகுப்பிலிருந்தே அது இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் 'ஆர்.கே.வி.ஏ.எச்.' என்று ஒரு பத்தியில் தங்களுக்குக் கட்டணம் விழுகிறதே, அது இதற்குத்தான். அந்தச் சக்தியை அங்கேயே தருவதற்கென்று கோபுரத்தின் அடியில் உள்ள பெட்டியில் கெபாசிட்டர்கள் இருக்கும். காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் காண்டாக்டர்கள் 'டக் டக்' என்று விழுந்து அவற்றைச் சேர்ப்பதும் விலக்குவதுமாக இருப்பதை அருகில் நின்றால் கேட்கலாம். அந்தக் காண்டாக்டர்கள் தேய்ந்து, கெபாசிட்டர்கள் உப்பி, மாற்றப்படாமலே கிடக்கும் யந்திரங்கள் எத்தனை என்பதைத் தங்கள் பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கேட்டால் தெரியும்.

இப்போது பக்கத்து ஃபீடரில் எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் விழுகிறது. வோல்டேஜ் ஒரு கண நேரம் பாதியாகப் படுக்கிறது. பாதுகாப்பு ரிலே அந்தப் பழுதைக் கால் விநாடிக்குள் துண்டித்துவிடும். ஆனால் அந்தக் கால் விநாடியில் ஜெனரேட்டரால் மின்சாரத்தை வெளியே தள்ள முடியவில்லை, காற்றோ இறக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எனவே சுழற்சி மிதமிஞ்சுகிறது. பழுது நீங்கி வோல்டேஜ் எழ முயலும்போது, மிதமிஞ்சிச் சுழலும் அந்த ஜெனரேட்டர் முன்னிலும் பல மடங்கு ரியாக்டிவ் சக்தியை இழுத்து, எழுகிற வோல்டேஜை மீண்டும் கீழே அழுத்துகிறது. ஒன்று இழுக்க, பக்கத்தில் உள்ள நூறும் இழுக்க, வோல்டேஜ் எழாமலே போக, ஒவ்வொன்றாக 'டிரிப்' ஆகின்றன. இறக்கையின் முனைத்துண்டுகள் குறுக்கே திரும்பி நின்றுகொள்ள, இருபது மெகாவாட் தந்துகொண்டிருந்த காற்றாலைப் பண்ணை முழுவதும் சில விநாடிகளில் அசைவற்றுப் போகிறது. ஒரு கிளை விழுந்ததற்கு ஒரு பண்ணையை இழப்பது எவ்வளவு பெரிய அபாயம் என்பதைத் தொகுப்பை நடத்துகிறவனே அறிவான்.

இதன் பலனைத் தாங்களே அனுபவிக்கிறீர்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நூற்பாலையில் வோல்டேஜ் ஒரு கணம் முறிந்தால் என்ன ஆகிறது என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிரைவ்கள் நின்றுவிட, ஃபிரேம் முழுவதும் இழைகள் அறுந்து தொங்க, இரவு ஷிப்டில் நிற்கும் பெண்கள் ஒவ்வொரு கதிராகக் குனிந்து நிமிர்ந்து பிணைத்துக்கொண்டே போவார்கள். ஃபிரேம் மறுபடி சீராவதற்குள் கழிவுப் பஞ்சு கூடையில் நிரம்பிவிடும். ஆலை மேலாளர் மின்வாரியத்தைச் சபிப்பார். அந்த முறிவுக்குப் பிறகு வோல்டேஜ் எழாமல் அழுத்திக்கொண்டிருந்தவற்றில் தங்கள் பெயரெழுதிய காத்தாடியும் ஒன்றாக இருந்திருக்கக் கூடும் என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை.

புதிய யந்திரம் வேறு ஜாதி. அதன் இறக்கைகள் ஒவ்வொன்றும் தன் அச்சில் திரும்பும். காற்றை வாங்குவதும் விடுவதும் அதன் இஷ்டம். ஜெனரேட்டருக்கும் தொகுப்புக்கும் இடையே மின்னணு மாற்றி ஒன்று நின்று, சுழற்சி எந்த வேகத்தில் இருந்தாலும் வெளியே போகும் மின்சாரத்தை 50-க்குச் சீர்படுத்தி அனுப்புகிறது. ஒரு வகை யந்திரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சக்தி மட்டும் அந்த மாற்றி வழியே செல்லும். மற்றொரு வகையில் முழுவதும் செல்லும். வோல்டேஜ் படுக்கும்போது இது ஓடிப் போகாமல் நின்று, ரியாக்டிவ் சக்தியைத் தானே தந்து வோல்டேஜைத் தூக்கிவிடும். மத்திய மின்சார ஆணையம் 2013-இல் திருத்திய விதிகளின்படி, 2014 ஏப்ரலுக்குப் பிறகு 66 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் இணையும் காற்றாலை நிலையங்கள், வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு வீழ்ந்தாலும் 300 மில்லி விநாடி வரையில் தொகுப்பை விட்டு விலகாமல் நிற்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தம் மேலும் ஓரடி சென்றது: 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய நிலையங்கள், அதிர்வெண் 0.3-க்கு மேல் விலகினால், தம் திறனில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை ஒரு விநாடிக்குள் கூட்டவோ குறைக்கவோ வல்லனவாக இருக்க வேண்டும். ஆகச் சட்டத்தின் கண்ணில் காற்றாலை இப்போது நீர்க்கட்டியின் வேலைக்கு அமர்த்தப்பட்டுவிட்டது. பழைய யந்திரங்கள் மட்டுமே அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

யந்திரம் புதியதாயிருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவத்தைத் தாங்கள் அவசியம் அறிய வேண்டும். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் சூறாவளி மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிஷ காலத்துக்குள் வோல்டேஜ் ஆறு முறை படுத்து எழுந்தது. அங்கிருந்த காற்றாலைகள் யாவும் நவீனமானவை. ஒவ்வொரு முறையும் தாக்குப் பிடித்தன. ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் வோல்டேஜ் படுத்தால் விலகிவிடு என்று யந்திரத்தின் மென்பொருளில் ஒரு வரம்பு எழுதி வைக்கப்பட்டிருந்தது. அந்த வரம்பைத் தொகுப்பை நடத்தியவர்கள் அறிந்திருக்கவில்லை. வரம்பு எட்டியதும் ஒன்பது பண்ணைகள் சில விநாடிகளில் 456 மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டன. அந்தப் பளு முழுவதும் பக்கத்து மாநிலத்தோடு இணைக்கும் முக்கியப் பாதையின்மீது விழுந்து அது அறுபட, ஏறக்குறைய எட்டரை லட்சம் இணைப்புகள் கொண்ட மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. பிறகு செய்த பரிகாரமோ அந்த எண்ணை மாற்றி எழுதியதுதான். யந்திரத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. தங்கள் புதிய யந்திரங்களில் இப்படி எந்த எண் எழுதப்பட்டிருக்கிறது என்று தங்களில் எவரேனும் கேட்டதுண்டா? விற்றவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தோடு அந்த விஷயம் முடிந்துவிட்டதாகவே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம் சற்று நுட்பமானது. ஆனால் வருங்காலத்தில் எல்லாவற்றினும் முக்கியமானது. அனல் நிலையத்தில் பல டன் எடையுள்ள ரோட்டர் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுழல்கிறது. எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று அறுந்து போனால், கவர்னர் விழித்துக்கொள்வதற்கு முன்னாலேயே, அந்தக் கனத்த உருளையில் அடங்கிய வேகம் தானாகவே மின்சாரமாகக் கரைந்து அதிர்வெண் சட்டென்று வீழாமல் தாங்குகிறது. பழைய காத்தாடிகள் தொகுப்போடு நேரே பூட்டப்பட்டிருந்ததால், மற்றக் குறைகள் எப்படியிருந்தாலும், இந்த உபகாரத்தைச் சிறிதளவு செய்துவந்தன. புதியவற்றில் மின்னணு மாற்றி குறுக்கே நிற்பதால் அது அற்றுப்போயிற்று. ஆகவே அதிர்வெண் வீழும் க்ஷணத்தில் இறக்கைகளின் சுழற்சியிலிருந்து சிறிது சக்தியைப் பறித்து, சில விநாடிகளுக்குக் கூடுதலாக வெளியே தள்ளும்படி கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்து மின் நிறுவனம் தன் காற்றாலைகளிடம் இதைக் கட்டாயமாகக் கேட்டு வாங்குகிறது. ஆனால் பறித்ததைத் திருப்பித் தர வேண்டும். வேகம் இழந்த இறக்கை மீண்டும் வேகம் எடுக்கும் வரையில் உற்பத்தி சற்றுக் குறைந்தே இருக்கும். எப்போது பறிப்பது, எவ்வளவு பறிப்பது, எத்தனை யந்திரங்கள் ஒரே சமயத்தில் மீள்வது என்பதையெல்லாம் ஒருங்கே எண்ணிப் பார்த்துத்தான் அந்தக் கட்டளையை எழுத வேண்டும்.

இவற்றோடு, அதிர்வெண் இறங்கினால் கூட்டித் தருவதற்கென்று நூறு யூனிட் வரக்கூடிய காற்றில் தொண்ணூற்றைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்தை விட்டுவைக்கும் முறையும் உண்டு. தங்களுக்கு இது கசக்கும் என்பது எனக்குத் தெரியும். விட்டுவைத்த ஐந்துக்கு விலை கொடுப்பது யார்? தொகுப்பைக் காக்கும் சேவையை ஒருவரிடம் வாங்கினால், யூனிட்டுக்கு விலை கொடுப்பதுபோலவே அந்தச் சேவைக்கும் விலை கொடுக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. காற்றாலைக்காரர் இலவசமாகத் தொகுப்பைக் காக்க வேண்டும் என்று உத்தரவிடுவது நீடித்து நிற்காது. ஆனால் விலையைக் கேட்கும் யோக்கியதை, கட்டளைக்கு அடங்கும் யந்திரத்தை வைத்திருப்பவருக்கே உண்டு. ஓடவும் நிற்கவும் மட்டுமே தெரிந்த யந்திரத்தை வைத்துக்கொண்டு எந்தச் சேவையைத் தாங்கள் விற்பீர்கள்?

நீரை மேலே ஏற்றிச் சேமிக்கும் வழி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதி முதல் அந்தத் தொண்டைச் செய்துவருகிறது. மிச்சமான மின்சாரத்தால் மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் வரையில் தருகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று எழுகிறது. பாட்டரிகளும் வருகின்றன. பத்தாயிரம் மெகாவாட் காற்றின் முன்னால் இவை எவ்வளவு என்பதைக் கணக்கறிந்த தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, புதுப்பித்தல் என்ற முள் நிறைந்த விஷயம். தமிழகத்தின் மிகச் சிறந்த காற்று, மிகப் பழைய, மிகச் சிறிய யந்திரங்களின் வசத்தில் அகப்பட்டுக் கிடக்கிறது. ஏறத்தாழ முப்பது மீட்டர் விட்டமுள்ள சக்கரம் சுழலும் அதே பொட்டலில், இன்று நூற்று நாற்பது மீட்டர் விட்டமும் 3 மெகாவாட் திறனும் உள்ள யந்திரத்தை நிறுத்தலாம். மாநில அரசு 2024-இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் ஒரு கொள்கையை வெளியிட்டது. தாங்கள் அதில் கட்டணங்களையும் நிபந்தனைகளையும் ஆட்சேபித்தீர்கள். அந்த ஆட்சேபங்களில் ஒன்று எனக்கு முற்றிலும் நியாயமாகப் படுகிறது: 2018 மார்ச் முடிவுக்குள் நட்ட யந்திரத்துக்கு ஆண்டு முழுவதற்கும் பேங்கிங் உண்டு, அதன் பிறகு நட்டதற்கு அந்த வசதி இல்லை என்றிருக்கும்போது, பழையதைப் பிடுங்கிப் புதியதை நடுபவன் தன் சலுகையைத் தானே இழக்கிறான். நல்ல யந்திரத்துக்குத் தண்டனையும் மோசமான யந்திரத்துக்கு வெகுமதியும் தரும் இந்த ஏற்பாட்டை அரசு மாற்றியே ஆக வேண்டும். தொகுப்புக்கு உதவும் யந்திரமாக மாற்றுபவருக்குச் சில ஆண்டுகளேனும் பழைய சலுகை தொடரும் என்று அறிவித்தால், ஆண்டிபட்டியிலும் முப்பந்தலிலும் பாதி வேலை தானாக நடந்துவிடும்.

ஆனால் நிலத்தைப் பற்றிய தடையைத் தாங்கள்தாம் நீக்க வேண்டும். பெரிய யந்திரத்துக்குப் பெரிய இடைவெளி வேண்டும். பத்து ஆலைகளின் பத்துச் சிறு யந்திரங்கள் நிற்கும் இடத்தில் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். பத்துப் பேரும் பங்குதாரராகச் சேர்ந்தாலன்றி அது நடவாது. நூல் விற்பனையிலே போட்டியாளர்களாக இருப்பவர்கள் காத்தாடியிலே கூட்டாளிகளாவது கஷ்டம் என்று சிலர் கூறக் கேட்டேன். பஞ்சு விலை ஏறும்போது ஒரே குரலில் டில்லிக்குத் தந்தி கொடுத்தவர்களும், மின்கட்டண வழக்குகளைத் திண்டுக்கல்லில் இருந்துகொண்டே சங்கம் அமைத்து ஒன்றாக நடத்தியவர்களும் தாங்களே அல்லவா?

ஆகவே என் விண்ணப்பம் இதுவே. அடுத்த வைகாசியில் காற்று எழுவதற்குள், தங்கள் ஒவ்வொருவருடைய காற்றாலையும் எந்த வகை, இறக்கை திரும்புமா, எந்த ஃபீடரில் எத்தனை கிலோவோல்ட்டில் இணைந்திருக்கிறது, கெபாசிட்டர்கள் உயிரோடு இருக்கின்றனவா, வோல்டேஜ் படுத்தால் எத்தனை விநாடியில் விலகும்படி ரிலே அமைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரங்களை ஒரே பட்டியலாகத் தொகுத்துவிட வேண்டும். தேய்ந்த கெபாசிட்டரை மாற்றுவதற்கு எந்தக் கொள்கையும் வர வேண்டியதில்லை. அதை இந்த மாதமே செய்யலாம், ஆர்.கே.வி.ஏ.எச். பத்தியிலும் அந்தப் பலன் தெரியும். இறக்கை திரும்பும் யந்திரங்களை வைத்திருப்பவர்கள், ஃபீடரைத் திறப்பதற்குப் பதிலாகத் தம் பண்ணையிலேயே உற்பத்தியை நூற்றுக்கு அறுபதாகவோ எழுபதாகவோ இறக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை மாநில மையத்தோடு எழுத்து மூலம் செய்துகொள்ள வேண்டும். முழுவதும் நின்று இழப்பதைவிட முப்பதையோ நாற்பதையோ இழப்பது மேல். காற்றையும் சூரியனையும் முன்கூட்டிக் கணிப்பதற்கென்று 2020-இல் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய மேலாண்மை மையங்களுக்கு, யந்திரத்தின் நிலவரத்தை அன்றாடம் உண்மையாக அனுப்ப வேண்டும். பழுதாகி நிற்பதை ஓடுவதாகக் காட்டினால் கணிப்பு பிழைத்து, அதன் தண்டனை ஓடுகிற யந்திரத்தின்மேல் விழுகிறது.

இதற்கென்று திண்டுக்கல்லில் ஒரு நாள் கூடினால், மின்தொடரமைப்புக் கழகத்துப் பொறியாளர்களையும், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்து நிபுணர்களையும் அழைத்து, தங்கள் பட்டியலை அவர்கள் முன் வைக்கலாம். பேங்கிங் சலுகையைப் பற்றிய தங்கள் கோரிக்கையையும் அதே மேஜையில் வைக்கலாம். வெறுங்கையோடு கேட்பதைவிடப் பட்டியலோடு கேட்பதற்குப் பலம் அதிகம். ரிலே அமைப்புகளைச் சரிபார்க்கவும், விவரப் படிவம் தயாரிக்கவும் என்னாலான ஒத்தாசையைச் செய்ய நான் சித்தமாக இருக்கிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டொருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளும் இடமும் தெரிவித்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற துணை மின் நிலைய ஊழியன்,
சித்தையன்கோட்டை